அணை கட்டாமல் விட்ட ஒரு நதி



மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பஃபலோ என்ற நதியில் இரண்டு நாள் படகுப் பயணம் போகிறோம் என்று போன வாரம் இங்கே இரண்டு வரி எழுதியிருந்தேன். துடுப்புப் போடுவது, பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுவது, அவ்வளவுதான் திட்டம். "இந்த வயதில் எதற்கு சார்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். "லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள் மாமா" என்று சிலர். பழைய மாணவி ஒருத்தி மட்டும், "அந்த நதிக்கு ஏதாவது வரலாறு உண்டா சார்?" என்று கேட்டாள். இந்தப் பதிவு அவளுக்கு. நீளமாகத்தான் இருக்கும், என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

முதலில் பெயர். பஃபலோ என்றதும் நம்மூர் எருமையை நினைக்க வேண்டாம். பைசன் என்கிற காட்டெருமையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். ஓசார்க் மலைகளில் பிறந்து, கிழக்கே 150 மைலுக்குச் சற்று அதிகமாக ஓடி, ஒயிட் நதியில் கலக்கிறது. அதில் 135 மைல் தேசிய நதி என்ற பெயரில் அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் நதி இதுதான்.

பயண ஏற்பாடு முழுவதும் என் பழைய மாணவன் ஒருவன் கையில். பென்டன்வில் ஊரில் கணினி வேலையில் இருக்கிறான். அந்த ஊரில் நம் பிள்ளைகள் ஏராளம். அவனோடு தொலைபேசியில் பேசிப் பேசி ஒன்று தெரிந்துகொண்டேன்: இந்த நதிக்குத் திட்டம் போடுவது கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது போல இல்லை. தேதி குறிக்கலாம், வாடகைக்குப் படகு சொல்லி வைக்கலாம். ஆனால் அன்றைக்குப் படகு ஓடுமா என்பதை அதற்கு முந்தைய வாரம் பெய்த மழைதான் சொல்லும்.

பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்பதற்கு, கர்நாடக அணைகளில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்றுதானே முதலில் கேட்போம்? பஃபலோவில் திறந்துவிட யாரும் இல்லை. மேலேயும் அணை கிடையாது, கீழேயும் கிடையாது. மழை பெய்தால் ஏறும், விட்டால் இறங்கும். போன்கா என்ற சிற்றூரில் ஒரு தாழ்வான பாலம் இருக்கிறது. அரசின் அளவுமானிகள் இணையத்தில் கணக்குச் சொன்னாலும், படகுக்காரர்கள் அந்தப் பாலத்தின் அடிப்பக்கத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றுதான் கேட்பார்களாம். இடைவெளி அதிகமென்றால் படகு சரளைக் கல்லில் தட்டும்; இறங்கி இழுக்க வேண்டியதுதான். தண்ணீர் பாலத்துக்கு மேலே போனால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நதியின் மேல்பகுதியில் வசந்த காலம் முடிந்தால் பெரும்பாலும் படகு ஓடாது. நடுவில் ஊலம் என்ற இடத்துக்குக் கீழே, கடும் கோடையில் நதியே சில மைல் நிலத்துக்குள் போய்விடும். சுண்ணாம்புப் பாறை நாடு; அடியெல்லாம் பிளவும் குகையும்.

இத்தனை தொந்தரவும் எதனால்? அங்கே அணை கட்டாததால். ஏன் கட்டவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த வரலாறு. அதற்குப் பக்கத்து நதியிலிருந்து தொடங்க வேண்டும்.

பஃபலோ போய்ச் சேரும் ஒயிட் நதிதான் ஒரு காலத்தில் படகும் தூண்டிலும் சேர்ந்த பயணத்துக்குப் பேர்போன இடம். 1900களின் தொடக்கத்தில் அந்த மலைகளுக்கு ரயில் வந்தது. ஆற்றில் படகு விடுபவர்களுக்கு எப்போதும் ஒரு சிக்கல் உண்டு: நதி ஒரு பக்கம்தான் ஓடும், திரும்பி வருவது எப்படி? மிசௌரி மாநிலத்தின் கலீனா என்ற ஊரில் இதற்கு அருமையான விடை கிடைத்தது. கலீனாவில் ஜேம்ஸ் நதியில் படகேறினால், அது வளைந்து நெளிந்து ஒயிட் நதியில் சேர்ந்து பிரான்சன் ஊருக்குப் போகும். தண்ணீர் வழியாக 125 மைல் என்பார்கள். நாலைந்து நாள் பயணம். ரயிலில் அதே தூரம் இருபது மைல் சொச்சம்தான். படகையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம்.

படகும் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்டதுதான். ஜான்போட் என்று பெயர். தட்டையான அடிப்பாகம், நீளமான பலகைப் படகு, ஆழமில்லாத நீரிலும் மிதக்கும். கலீனாவின் சார்லி பார்ன்ஸ் அதைச் செய்வதில் பெயர் பெற்றவர். பின்னால் உள்ளூர் வழிகாட்டி உட்கார்ந்து துடுப்பால் திசை பார்த்துக்கொள்வார். முன்னால் நகரத்திலிருந்து வந்தவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் வீசுவார். சமையல் சாமான், கூடாரம் எல்லாம் தனிப் படகில் முன்கூட்டியே போய், சாயங்காலம் சரளைத் திட்டில் அடுப்பு மூட்டியிருக்கும். 1930களில் பிரான்சனில் ஜிம் ஓவன் என்பவர் இதை நாடறிந்த தொழிலாக்கினார். பத்திரிகைகள் எழுதின, திரைப்படக்காரர்கள் வந்தார்கள். மலைநாட்டு ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் கையில் காசு.

எல்லாம் எந்த மீனுக்காக? ஸ்மால்மவுத் பாஸ். பழுப்பும் பச்சையும் கலந்த உடல், பக்கவாட்டில் மங்கலான பட்டைகள். தெளிந்த, குளிர்ந்த, கல்லும் ஓட்டமும் உள்ள நீரில் வாழும். இறாலுக்கு அண்ணன் போலிருக்கும் கிரேஃபிஷ் அதற்குப் பிடித்த உணவு. இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்த கதையை வகுப்பில் சொல்லாமல் போனேனே என்று இருக்கிறது. 1802ல் பாரிஸில் லசெபீட் என்ற அறிஞரிடம் ஒரு மாதிரி மீன் வந்தது. அதன் முதுகுத் துடுப்பு ஏதோ காரணத்தால் சிதைந்து, ஒரு சிறு துண்டு தனியே நின்றது. அதுதான் இந்த இனத்தின் அடையாளம் என்று எண்ணி, 'சிறு துடுப்பு' என்று பொருள்படும் மைக்ராப்டெரஸ் என்ற பெயரைச் சூட்டிவிட்டார். அடிபட்ட ஒரு மீனின் தழும்பு ஒரு பேரினத்துக்கே பெயராகி இன்றுவரை நிற்கிறது. கூடவே தன் நண்பர், பாறையியல் அறிஞர் டோலமியூவின் பெயரையும் சேர்த்தார். டோலமைட் பாறை என்கிறோமே, அதுவும் அவர் பெயரில் வந்ததுதான். பஃபலோவின் கரையில் டோலமைட்டும் உண்டு, அடியில் அந்த மீனும் உண்டு.

தூண்டிலில் சிக்கினால் இந்த மீன் சும்மா வராது. தண்ணீருக்கு வெளியே குதித்துக் குதித்துப் போராடும். 1881ல் ஹென்ஷால் என்ற மருத்துவர் இந்த மீன் குடும்பத்துக்காகவே ஒரு முழு நூல் எழுதினார். அதுவரை டிரவுட் மீன் பிடிப்பதுதான் கௌரவம் என்றிருந்த கூட்டத்தில் பாஸுக்கும் ஆசனம் கிடைத்தது அவரால்தான்.

சரி, ஒயிட் நதிக்கு என்ன ஆயிற்று? 1927ல் மிசிசிப்பிப் படுகையில் பெரும் வெள்ளம். அதன் பிறகு வெள்ளத் தடுப்பு நாட்டுக் கொள்கையானது. 1938ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே ஒயிட் நதிப் படுகைக்கு அணைகள் வந்தன. கட்டுவது ராணுவப் பொறியாளர் படை. 1944ல் நார்ஃபோர்க் அணை. 1951ல் புல் ஷோல்ஸ். மறு ஆண்டு அதிபர் ட்ரூமனே வந்து அர்ப்பணித்தார். 1958ல் டேபிள் ராக். கலீனாவிலிருந்து பிரான்சனுக்குப் போகும் அந்தப் படகு வழி டேபிள் ராக் ஏரிக்கு அடியில் போனது. சரளைத் திட்டுகளும் போயின, வழிகாட்டிகளின் பிழைப்பும் போனது.

அணைக்குக் கீழே வேறொரு மாற்றம். ஏரியின் ஆழத்திலிருந்து வரும் நீர் கடுங்குளிர். அதில் பாஸ் வாழாது. அதற்கு ஈடாகக் குளிர்நீர் மீனான டிரவுட்டைப் பண்ணையில் வளர்த்து விட்டார்கள். இன்றைக்கு புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே டிரவுட் பிடிக்க உலகமெங்கிருந்தும் வருகிறார்கள். வருமானம் நன்றாகவே இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அங்கே திட்டம் போடுகிறவர் வானத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை டர்பைன் ஓடப்போகிறது என்று மின்நிலையத்தைத்தான் விசாரிப்பார்.

அடுத்த முறை பஃபலோவுக்கு. நடுவில் கில்பர்ட் ஊருக்கு அருகே ஒன்று, ஒயிட் நதியில் கலப்பதற்குச் சற்று மேலே லோன் ராக் என்ற இடத்தில் ஒன்று என்று இரண்டு அணைகளுக்குத் திட்டம் இருந்தது. அணை கேட்டவர்களை வில்லன்களாக நினைக்காதீர்கள். மார்ஷல் ஊரைச் சுற்றியவர்கள் அவர்கள். ஏழை மாவட்டம், பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்க்கொண்டிருந்த காலம். பக்கத்து மாவட்டத்தில் ஏரி வந்ததும் மின்சாரமும் விடுதியும் கடையும் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். நியாயமான ஆசைதான்.

எதிர்த்தவர்களுக்குத் தலைமை ஏற்றவர் நீல் காம்ப்டன். நம் பையன் இருக்கும் அதே பென்டன்வில் ஊரில் பிரசவம் பார்த்த மருத்துவர். 1962ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஓசார்க் சங்கம் தொடங்கினார்கள். அவருடைய முறை எனக்குப் பிடித்த முறை: கூட்டம் போட்டுத் திட்டுவதைவிட, ஆட்களைப் படகில் ஏற்றி நதியைக் காட்டிவிடுவது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதே 1962ல் வந்து பஃபலோவில் படகில் போனார். ஓவியர் தாமஸ் ஹார்ட் பென்டன் பல முறை வந்தவர். அவரும் நதிக்காகப் பேசினார். மறுபக்கத்திலிருந்தும் பதில் வந்தது. மரங்களை வெட்டி நதிக்குக் குறுக்கே சாய்த்துப் படகுகளை மறித்தார்கள். வெளியூர்க்காரன் விடுமுறையைக் கழிக்க எங்கள் பிழைப்பைத் தடுப்பதா என்ற கோபம் அது.

இனி வருவது, தேர்வுக்குக் கேள்வியாக வைத்தால் பாதிப் பேர் தவறாக எழுதும் இடம். 1965 டிசம்பரில் ஆர்கன்சாஸ் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், அணை வேண்டாம் என்று பொறியாளர் படைக்குக் கடிதம் எழுதினார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதலமைச்சரைப் போல.) ஃபாபஸ் யார்? 1957ல் லிட்டில் ராக் நகரின் மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தேசியக் காவல் படையை நிறுத்தினாரே, அதே ஃபாபஸ்தான். அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பி அந்தப் பிள்ளைகளை உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த மனிதர் ஓசார்க் மலையில், மேடிசன் மாவட்டத்தில் வறுமையில் வளர்ந்தவர். தன் மலையின் ஓடையைக் காக்கத் தெரிந்தவருக்கு, தன் மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறக்கத் தெரியவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு மனமில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

மாநில ஆளுநரே வேண்டாம் என்றபின் பொறியாளர் படை பின்வாங்கியது. 1966 தேர்தலில் அணைக்கு ஆதரவாக இருந்த மூத்த உறுப்பினர் ஜேம்ஸ் டிரிம்பிள் தோற்றார். வென்ற ஜான் பால் ஹேமர்ஷ்மிட் பஃபலோவைத் தேசிய நதியாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். செனட்டில் ஃபுல்பிரைட்டும் மெக்லெல்லனும். பல ஆண்டு இழுபறிக்குப் பின் 1972 மார்ச் 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். யெல்லோஸ்டோன் முதல் தேசியப் பூங்காவானது 1872 மார்ச் 1. சரியாக நூறு ஆண்டு.

இத்தோடு நிறுத்தினால் சுபமான கதை. ஆனால் நதிக்கரையில் ஆட்கள் இருந்தார்கள். ஏறத்தாழ 95,000 ஏக்கர் பூங்காவுக்குள் வந்தது. பல குடும்பங்கள் தலைமுறைகளாக உழுத நிலம் அது. அவர்களில் பலர் அணையையும் எதிர்த்தவர்கள், பூங்காவையும் எதிர்த்தவர்கள். அணை வந்தால் தண்ணீர் விரட்டும், பூங்கா வந்தால் அரசு விரட்டும்; எங்களுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் திருப்தியான பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சட்டத்தில் சலுகை இருந்தது: நிலத்தை விற்றாலும், வீட்டில் 25 ஆண்டோ ஆயுள் வரையோ இருந்துகொள்ளலாம். நடைமுறையில் எல்லோருக்கும் அது அப்படி அமையவில்லை.

ஈவா பார்ன்ஸ் ஹெண்டர்சன் என்ற மூதாட்டியை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஹெண்டர்சன் பாட்டி என்றே சொல்வார்கள். மலையிடுக்கில், நதிக்கு அருகே, ஆடுமாடுகளோடு தனியாக வாழ்ந்தவர். 1970களின் பிற்பகுதியில் இடத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. போனபின் நெடுநாள் உயிரோடு இல்லை. வீடு மட்டும் காலியாக நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மேட்டூர் அணை நிரம்பியபோது ஊரை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். கோடையில் நீர் வற்றி, பண்ணவாடிப் பக்கம் நந்தி தலைகாட்டும்போது அவர்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஊர் போனது நீருக்கடியில். ஹெண்டர்சன் பாட்டியின் வீட்டின் மேல் ஒரு சொட்டு அணைநீர் ஏறவில்லை, அப்படியும் போனது.

பின்னாளில் பூங்காத் துறையும் கொஞ்சம் மாறியது. பாக்ஸ்லி பள்ளத்தாக்கில் குடும்பங்கள் இருந்து பயிர் செய்யலாம், வைக்கோல் போர் போடலாம் என்று 1980களில் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கே வரலாற்றுச் சிறப்பிடமாகப் பதிவானது. அதே காலத்தில்தான் அங்கே எல்க் மான்களை வெளிமாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். விடியற்காலை போனால் வயலில் மேய்வதைப் பார்க்கலாமாம். மனிதர்களையும் இப்படியே முதலிலேயே விட்டுவைத்திருக்கலாம்.

சண்டையும் ஓயவில்லை. 2013ல் பஃபலோவில் கலக்கும் பிக் கிரீக் ஓடைக்கு அருகே 6,500 பன்றிகளுக்கான பண்ணை ஒன்று அரசு அனுமதியோடு செயல்படத் தொடங்கியது. முன்பே சொன்னேன், அடியெல்லாம் பிளந்த சுண்ணாம்புப் பாறை. மேலே கொட்டும் கழிவு எந்த ஊற்றில் எழும் என்று யார் சொல்ல முடியும்? பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் 2019ல் பண்ணையை மூட 62 லட்சம் டாலர் கொடுப்பதென்று மாநிலம் ஒப்பந்தம் செய்தது. 2023ல் இதைத் தேசியப் பூங்காவாகப் பெயர் மாற்றலாம் என்றொரு பேச்சு எழுந்தபோது, ஜாஸ்பர் ஊரில் நடந்த கூட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பெரும்பாலோர் எதிர்ப்பு. ஐம்பது ஆண்டுக்கு முன் பெற்றோர் நிலம் இழந்ததை அவர்கள் மறக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் பெயர் மாற்றம்; அவர்களுக்கு அது பழைய நோட்டீஸ் மறுபடி வீட்டு வாசலுக்கு வருவது.

இனி எங்கள் திட்டம். இதில் எனக்கும் பையனுக்கும் ஒரு சிறு வழக்கு இருக்கிறது. அவனுக்கு மீன் முக்கியம். டைலர் பெண்டிலிருந்து கில்பர்ட் வரை, அதற்குக் கீழும், நதி அகன்று மெதுவாகப் போகும். ஆழமான குழிகளும் அவற்றின் தலையில் ஓட்டமும் இருப்பதால் பாஸ் நன்றாகக் கிடைக்குமாம். எனக்கோ மேல்பகுதி வேண்டும்: போன்காவிலிருந்து கைல்ஸ் இறங்குதுறை வரை, பத்து மைல் சொச்சம். 500 அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பிக் பிளஃப் பாறை அந்த வழியில்தான். ஹெண்டர்சன் பாட்டியின் வீடும் அந்த வழியில்தான். மலைமேலிருந்து நடந்தும் போகலாம், ஆனால் திரும்பி ஏற என் முழங்கால் ஒப்பாது. நதி வழியாகப் போனால் கரையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும்.

ஆகவே முதல் நாள் மேல்பகுதி, இரண்டாம் நாள் டைலர் பெண்ட் என்று சமாதானம் செய்துகொண்டோம். மேலே தண்ணீர் இல்லையென்றால் இரண்டு நாளும் அவன் பக்கம். காரைக் கீழே கொண்டுபோய் வைக்கப் படகு வாடகைக்காரர்களே ஆள் தருகிறார்கள். கலீனாவில் ரயில் செய்த வேலை. பதினாறு வயது நிரம்பியவர்கள் மீன்பிடிக்க மாநில உரிமம் வாங்க வேண்டும். எத்தனை அங்குல மீனை வைத்துக்கொள்ளலாம் என்பது நதியின் பகுதிக்குப் பகுதி மாறும். கிளம்புமுன் அந்த ஆண்டின் விதியைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, பிடித்ததை விட்டுவிடப் போகிறோம். மே மாதம் ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும் பருவம். கல்லை ஒதுக்கிப் பள்ளம் செய்து, முட்டையும் குஞ்சும் பிழைக்கும்வரை அதுதான் அங்கே நிற்கும். அதைத் தூக்கிவிட்டால் சின்ன மீன்கள் நொடியில் முட்டையைத் தின்றுவிடும். எனவே கூடு தெரியும் இடத்தில் தூண்டிலே போடுவதில்லை என்று பையனிடம் சொல்லியாகிவிட்டது. கண்ணாடிப் பாட்டில் நதியில் கூடாது. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று உண்டு, கவலைப்படும் உறவினர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

டாலஸ், துல்சா பக்கம் இருக்கும் மாணவர்கள் யாராவது சேர்ந்துகொள்வதென்றால் இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள். கனூ ஒன்றுக்கு இரண்டு பேர். நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு புளிசாதமும் தயிர்சாதமும்தான். மீன் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.